லண்டனில் ஒரு மாலை: பப்பையும் பாரையும் தேர்ந்தெடுக்கும் முறை

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்காகவோ புதிதாக வந்தவருக்கு, வந்த சில வாரங்களுக்குள்ளாகவே வகுப்புத் தோழர்களிடமிருந்தோ அலுவலக நண்பர்களிடமிருந்தோ பப்புக்கு வரும்படி ஓர் அழைப்பு வந்துவிடும். டாஸ்மாக் கடையையும் அதை ஒட்டிய பாரையும் மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த அழைப்பு தயக்கத்தைத் தருவது இயல்பே. அங்கே குடிப்பது, விரைவாக முடித்துக்கொண்டு தெரிந்தவர் கண்ணில் படாமல் வெளியேற வேண்டிய காரியமாக இருக்கிறது. இங்கே பப் என்பது அக்கம்பக்கத்தார் கூடிப் பேசும் பொது அறை; மாமியார் மருமகளோடும், பேராசிரியர் மாணவரோடும், பகல் நேரத்தில் பெற்றோர் குழந்தைகளோடும் வந்து உட்காரும் இடம். ஒருவர் கையில் பியரும் மற்றவர் கையில் எலுமிச்சைச் சோடாவும் இருந்தால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆகவே குடிக்காதவர்களும் இந்த அழைப்பை மறுக்க வேண்டியதில்லை என்பதையும், இக்கட்டுரை அவர்களுக்காகவும் எழுதப்பட்டது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் இப்படிப்பட்ட இடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எது சிறந்தது என்று தேடத் தொடங்கினால் முடிவே இருக்காது. வீட்டுக்குத் திரும்பும் வழி, கிழமை, பகுதி, அதன் பிறகு கதவு என்ற வரிசையில் முடிவெடுத்தால் தேர்வு எளிதாகிவிடும் என்பதே என் அனுபவம்.

முதலில் வீடு திரும்பும் வழி

பெரும்பாலோர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். குளிர்கால இரவொன்றில் கடைசி ரயிலைத் தவறவிட்டு, இரண்டு பேருந்துகள் மாறி இரண்டரை மணிக்கு வீடு சேர்ந்த பிறகுதான் இதை முதல் படியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கும் வந்தது.

வார நாட்களில் பாதாள ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘நைட் டியூப்’ சேவை சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடில்லி, விக்டோரியா ஆகிய ஐந்து தடங்களில் விடிய விடிய ஓடுகிறது. ஆனால் இந்தத் தடங்களின் எல்லாக் கிளைகளுக்கும் அது போவதில்லை என்பதைப் புதியவர்கள் அறிந்திருப்பதில்லை. தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளை வைத்தே இதைச் சொல்கிறேன். வெம்பிளியில் இருப்பவர்களுக்கு ஜூபிலி தடம் வெம்பிளி பார்க் வரை இரவு முழுவதும் உண்டு. டூட்டிங்கில் இருப்பவர்களுக்கு நார்தர்ன் தடம் உண்டு. ஆனால் இரவு வண்டிகள் சேரிங் கிராஸ் வழியாக மட்டுமே செல்லும், பேங்க், லண்டன் பிரிட்ஜ் வழியாகச் செல்லா. ஈஸ்ட் ஹாமுக்குச் செல்லும் டிஸ்ட்ரிக்ட் தடத்திலும், ஹாரோ-ஆன்-த-ஹில்லுக்குச் செல்லும் மெட்ரோபாலிட்டன் தடத்திலும் இரவுச் சேவை கிடையாது. இல்ஃபோர்டில் இருப்பவர்கள், எலிசபெத் தடம் நின்றுவிட்ட பிறகு, சென்ட்ரல் தடத்தில் கான்ட்ஸ் ஹில் வரை வந்து அங்கிருந்து வீட்டுக்குச் செல்லலாம்.

ரயில் இல்லாதவர்களுக்கு இரவுப் பேருந்துகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் எண்ணுக்கு முன்னால் ‘என்’ என்ற எழுத்து இருக்கும், அவற்றில் பல டிராஃபல்கர் சதுக்கத்தை ஒட்டிப் புறப்படுகின்றன அல்லது அவ்வழியே செல்கின்றன. தெருவில் கைகாட்டி நிறுத்தி ஏறத்தக்கது கருப்பு டாக்சி மட்டுமே. செயலி வழியாகவோ அலுவலகம் வழியாகவோ முன்பதிவு செய்யாத மினிகேப் (தனியார் வாடகைக் கார்) எதிலும், ஓட்டுநர் எவ்வளவு பணிவாக அழைத்தாலும், ஏறக் கூடாது. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் அன்று அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். பேருந்திலும் பாதாள ரயிலிலும் மது அருந்துவதும், திறந்த மதுப் புட்டியோடு ஏறுவதும் 2008ஆம் ஆண்டு ஜூன் முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

உங்கள் வீட்டுக்கு நேரடியாகச் செல்லும் தடம் எது என்று தெரிந்துவிட்டால், அந்தத் தடத்தின் மத்திய லண்டன் நிலையங்களைச் சுற்றியே மாலையை அமைத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டிய பரப்பு பாதிக்குமேல் குறைந்துவிடும்.

கிழமையைப் பாருங்கள்

ஒரே பப் செவ்வாய்க்கிழமையில் ஒன்றாகவும் வெள்ளிக்கிழமையில் முற்றிலும் வேறொன்றாகவும் இருக்கும். அலுவலகங்கள் நிறைந்த பகுதிகளில் வியாழன் மாலை ஐந்தரை மணிக்குக் கூட்டம் உள்ளே இடமின்றி நடைபாதை வரை வழிந்து நிற்கும். கையில் குவளையோடு தெருவில் நின்று பேசுவது இங்கே வழக்கம். உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் திங்கள் முதல் புதன் வரை செல்லுங்கள். அந்த நாட்களில்தான் பல பப்புகள் வினாடிவினா நடத்துகின்றன. நான்கைந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து கலந்துகொள்ளலாம்; புதிய நண்பர்களுடன் என்ன பேசுவது என்று திகைப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

லண்டன் மாநகரத்தின் பழைய நிதி மையமான ‘சிட்டி’ பகுதிக்குச் சனி, ஞாயிறுகளில் போக வேண்டாம். அங்கே வீடுகள் மிகக் குறைவு. அலுவலகங்கள் மூடியதும் பப்புகளில் பலவும் மூடிவிடுகின்றன. நான் வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை மாலை, ஊரிலிருந்து வந்திருந்த நண்பரை அழைத்துக்கொண்டு அந்தச் சந்துகளில் மூடிய கதவு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் மழையில் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புப் பகுதிகளிலுள்ள பப்புகளுக்கு உரியது. மதியம் ‘சண்டே ரோஸ்ட்’ என்னும் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் காய்களும் கொண்ட சாப்பாட்டுக்குக் குடும்பங்கள் வரும். முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அன்று இரவு பத்தரைக்குப் பல இடங்கள் மூடிவிடும்.

மற்ற நாட்களில் பதினொரு மணி என்பது பழைய கணக்கு. 2005ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த உரிமச் சட்டம் அதற்குப் பிந்தியும் திறந்திருக்க வழிசெய்தது என்றாலும், பெரும்பாலான பப்புகள் இன்றும் பதினொன்றிலிருந்து நள்ளிரவுக்குள் மூடுகின்றன. மூடுவதற்குச் சற்று முன்பு மணி ஒன்றை அடித்து ‘லாஸ்ட் ஆர்டர்ஸ்’ என்று அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு வாங்கியதைக் குடித்து முடிக்கச் சிறிது நேரம் தருவார்கள். அதன் பின்னும் உட்கார்ந்திருப்பது மரியாதை ஆகாது.

ஒரு பகுதி, அதற்குள் இரண்டு மூன்று இடங்கள்

நகரத்தின் இரு மூலைகளிலுள்ள புகழ்பெற்ற இடங்களை ஒரே இரவில் பார்க்க முயல்வது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ரயிலிலேயே மாலை கழிந்துவிடும். பத்து நிமிட நடைக்குள் அடங்கும் இரண்டு மூன்று இடங்களே போதும்.

பழமையை விரும்புபவர்கள் ஹோபர்ன், ஃபிளீட் தெருப் பகுதிகளிலிருந்து தொடங்கலாம். ஹோபர்ன் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் பிரின்சஸ் லூயிஸ், செதுக்கிய மரமும் பூவேலைக் கண்ணாடியும் வண்ண ஓடுகளும் கொண்டு, விக்டோரியா காலத்து முறைப்படி சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டது. அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில், லாம்ஸ் கான்டியூட் தெருவிலுள்ள தி லாம் என்ற பப்பில், கவுண்டருக்கு மேலே சுழலும் சிறு கண்ணாடிச் சட்டங்களைக் காணலாம். பரிமாறுபவர் தம் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று விரும்பிய அக்காலத்துக் கனவான்களுக்காக அமைக்கப்பட்டவை அவை; யாரும் பார்க்கக் கூடாது என்ற தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்று அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்து மறு ஆண்டே திரும்பக் கட்டப்பட்ட யே ஓல்டு செஷயர் சீஸ், ஃபிளீட் தெருவிலிருந்து பிரியும் ஒரு குறுகிய சந்தில் இருக்கிறது. அதன் இருண்ட படிகளில் இறங்கும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

பிரின்சஸ் லூயிஸும் செஷயர் சீஸும் சாமுவேல் ஸ்மித் என்ற யார்க்‌ஷயர் மதுவடிப்பு நிறுவனத்துக்கு உரியவை. அந்நிறுவனத்தின் பப்புகளில் இசையும் தொலைக்காட்சியும் கிடையாது, அலைபேசியை எடுப்பதையும் அவர்கள் விரும்புவதில்லை, உலகெங்கும் தெரிந்த பிராண்டுகளுக்குப் பதிலாகத் தங்கள் சொந்தத் தயாரிப்புகளையே விற்கிறார்கள். ஆங்கிலம் இன்னும் காதுக்குப் பழகாத புதியவருக்கு, இசை இல்லாத அறையில் எதிரே இருப்பவர் பேசுவது தெளிவாகக் கேட்கும் என்பது பெரிய உதவி.

தேம்ஸ் நதியைப் பார்த்தபடி உட்கார விரும்பினால் வாப்பிங்கில் ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பியும், எதிர்க்கரையில் ராதர்ஹைத்தில் மேஃபிளவரும் உள்ளன. மாலை வெளிச்சம் நீண்டு நிற்கும் ஜூன், ஜூலை மாதங்களுக்கு இவற்றை ஒதுக்கி வையுங்கள். கென்சிங்டனில் சுவர் தெரியாத அளவுக்குப் பூந்தொட்டிகள் தொங்கும் சர்ச்சில் ஆர்ம்ஸ் பப்பின் உள்ளே தாய்லாந்து உணவகம் நடக்கிறது. உப்பும் உறைப்பும் இல்லாத சாப்பாட்டில் சலித்தவர்களுக்கு அது ஆறுதலான இடம். சிறு வடிப்பாலைகளின் புதுவகைப் பியர்களை அறிய விரும்புபவர்கள், ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியில் அவை வரிசையாக அமைந்த பெர்மண்ட்சி பகுதிக்குச் சனிக்கிழமை மதியம் செல்லலாம். ஆனால் அது இரவுக்கு உரிய இடமன்று.

சோஹோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். நல்ல இடங்கள் அங்கே மிகுதி. டீன் தெருவிலுள்ள ஃபிரெஞ்சு ஹவுஸ், இசையும் அலைபேசியும் இல்லாமல், பியரை அரைப் பைண்டாக (284 மில்லி) மட்டும் ஊற்றித் தரும் சிறிய அறை. முன்பின் தெரியாதவரோடு பேச்சுத் தொடங்கிவிடுவது அங்கே வழக்கம். ஆனால் அதே தெருக்களில் நின்றுகொண்டு ‘உள்ளே வாருங்கள், முதல் பானம் இலவசம்’ என்று அழைப்பவர்களும் உண்டு. வாசலில் ஆள் வைத்து அழைக்கும் எந்த இடத்துக்குள்ளும் போகாதீர்கள். உள்ளே போன பிறகு வரும் பில்லைக் கட்டாமல் வெளியே வர விடமாட்டார்கள். விளக்கும் பாட்டுமாகச் சுற்றும் மிதிவண்டி ரிக்‌ஷாக்களிலும் ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அவற்றை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 2024இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டிவந்தது.

கதவுக்கு முன் நின்று பார்ப்பது

பகுதியை முடிவுசெய்துவிட்டால் எஞ்சியதை உங்கள் கண்ணே சொல்லிவிடும். உள்ளே நுழையும் முன் அரை நிமிடம் சன்னல் வழியாகப் பாருங்கள். பல வயதினரும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்களா, பெண்கள் தனியாகவோ தோழியரோடோ இருக்கிறார்களா, தொலைக்காட்சியில் கால்பந்து ஓடுகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் திரை உள்ள பப்பில் உரையாடல் சாத்தியமில்லை. ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தால், அது எந்த அணியின் ஆதரவாளர்கள் கூடும் இடம் என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். வெளியே ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்று எழுதியிருந்தால் இலவசம் என்று பொருளல்ல. அந்தப் பப் எந்த மதுவடிப்பு நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதல்ல, தான் விரும்பிய பியர்களை வாங்கி விற்கலாம் என்பதே அதன் பொருள்.

உள்ளே நுழைந்து பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் வாங்காமல் திரும்பி வரலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வயதுச் சான்று இல்லாமல் போக வேண்டாம். மது வாங்கச் சட்டப்படி 18 வயது போதும்; ஆனால் 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் சான்று கேட்பது பெரும்பாலான இடங்களின் வழக்கம். நம்மவர்கள் பலர் வயதுக்கு இளமையாகத் தெரிவதால் முப்பதிலும் கேட்கப்படுகிறார்கள். புகைப்படம், பிறந்த தேதி, ஹாலோகிராம் போன்ற பாதுகாப்புக் குறி ஆகியவை சான்றில் இருக்க வேண்டும். விசா இப்போது மின்னணு வடிவில் இருப்பதால் பலரிடம் கடவுச்சீட்டைத் தவிர வேறு அட்டை இருப்பதில்லை. கூட்டமான பப்பில் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு அலைவது பெருந்துயரம். தகுதி வந்தவுடன் பிரிட்டனின் பழகுநர் ஓட்டுநர் உரிமத்துக்கோ, ‘பாஸ்’ முத்திரையுள்ள வயதுச் சான்று அட்டைக்கோ விண்ணப்பித்து, அதையே வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

கவுண்டரில்

பப்பில் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கவுண்டருக்குச் சென்று கேட்டு, அங்கேயே பணம் செலுத்தி, குவளையை நாமே எடுத்து வர வேண்டும். சில இடங்களில் வரிசை நிற்கும். பல இடங்களில் வரிசையே இருக்காது, ஆயினும் யார் முன்னே வந்தார்கள் என்பதைப் பரிமாறுபவரும் நிற்பவர்களும் மனத்தில் வைத்திருப்பார்கள். பணத்தை ஆட்டுவதும் குரல் கொடுப்பதும் கூடாது. கண்ணைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தால் போதும். உங்களை முதலில் கேட்டுவிட்டால், முன்பே வந்தவரைச் சுட்டி ‘இவருக்குப் பிறகு’ என்று சொல்வது அந்த அறையில் உங்களுக்கு உடனே மதிப்பைத் தேடித்தரும். பப்பில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை. தனியாகக் கவுண்டரில் பேசக் கூச்சமாக இருப்பவர்கள் வெதர்ஸ்பூன் சங்கிலிப் பப்புகளில் ஒன்றில் தொடங்கலாம். மேசையிலிருந்தபடியே செயலியில் கேட்கலாம், விலையும் சுற்றிலும் உள்ளவற்றைவிடக் குறைவு.

எதைக் கேட்பது என்பதில் அளவுகளை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பைண்ட் 568 மில்லி. அரைப் பைண்ட் 284 மில்லி. அரைப் பைண்ட் கேட்பதில் எந்தத் தாழ்வும் இல்லை, புதியதைச் சுவைத்துப் பார்க்க அதுவே சரியான அளவு. விஸ்கி, ஜின், ரம், வோட்கா ஆகியவை ‘சிங்கிள்’ என்று கேட்டால் இடத்தைப் பொறுத்து 25 அல்லது 35 மில்லி ஊற்றப்படும். நம் ஊரில் ‘கட்டிங்’ என்பது 90 மில்லி என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கே ஒரு மாலையின் கணக்கே வேறு என்பது விளங்கும். மத்திய லண்டனில் ஒரு பைண்ட் பெரும்பாலும் 6 பவுண்டுக்கு மேல் இருக்கும்.

பித்தளை அல்லது மரப்பிடி கொண்ட கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படுவது ‘காஸ்க் ஏல்’. பீப்பாயிலேயே நொதித்து முதிரும் இந்தப் பியர், நிலவறையின் 11 முதல் 13 டிகிரி குளிர்ச்சியிலேயே பரிமாறப்படுகிறது, நுரையும் குறைவு. பனிக்கட்டிபோல் குளிர்ந்த பியருக்குப் பழகியவர்கள் இதைச் சூடாகிப்போனது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ‘கொஞ்சம் சுவைத்துப் பார்க்கலாமா’ என்று கேட்டால் சிறு குவளையில் தருவார்கள். தொழிற்சாலைப் பியர்களின் வரவால் இம்முறை அழிந்துவிடக் கூடாது என்று 1971இல் குடிப்பவர்களே ஓர் இயக்கம் தொடங்கிக் காப்பாற்றிய மரபு இது. பலகையில் ‘ஐபிஏ’ (இந்தியா பேல் ஏல்) என்று காண்பதன் முதல் எழுத்து இந்தியாவைக் குறிக்கிறது. கிழக்கு லண்டனின் போ என்ற இடத்திலிருந்த ஹாட்ஜ்சன் வடிப்பாலை கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு அனுப்பிய வெளிர்நிறப் பியர்களின் வழிவந்த பெயர் அது.

சைவ உணவினர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். காஸ்க் ஏலைத் தெளியவைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சில வடிப்பாலைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. கின்னஸ் அதைக் கைவிட்டுவிட்டது. ஐயம் இருந்தால் ‘வீகனா’ என்று கேளுங்கள், கவுண்டரிலேயே சொல்லிவிடுவார்கள். உருளைக்கிழங்கு வறுவலைச் சில இடங்களில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்பதால் அதையும் கேட்டுவிடுவது நல்லது. ‘போர்க் ஸ்க்ராச்சிங்ஸ்’ என்ற பொட்டலம் பன்றித்தோல் வறுவல். சமையலறை ஒன்பது மணியை ஒட்டி மூடிவிடுவது வழக்கமாகையால் சாப்பாட்டை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம்.

மது அருந்தாதவர்களுக்கு இங்கே காத்திருக்கும் குழப்பம் சைடர். அது ஆப்பிள் சாறு என்று எண்ணி வாங்குபவர்கள் பலர்; பிரிட்டனில் சைடர் என்றால் பியருக்கு இணையான, சில வேளை அதைவிடக் கடுமையான மது. லெமனேட் என்பது எலுமிச்சைச் சாறு அல்ல, இனிப்பான சோடா. பாதி பியரும் பாதி லெமனேடும் கலந்தது ஷாண்டி. ‘லைம் அண்ட் சோடா’ என்று கேட்பதே எல்லா இடங்களிலும் கிடைக்கும் எளிய, மலிவான வழி. ஆல்கஹால் இல்லாத பியர்களும் இப்போது ஏறக்குறைய எல்லாப் பப்புகளிலும் உள்ளன. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

ரவுண்டு

குழுவாகச் சென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதில்லை. ஒருவர் எல்லாருக்கும் வாங்கிவர, அடுத்த முறை இன்னொருவர் வாங்குவார். இதுவே ரவுண்டு. பிறர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டுத் தம் முறை வருமுன் கிளம்பிவிடுபவரைப் பற்றி இங்கே நெடுநாள் பேசுவார்கள். இதிலுள்ள ஆபத்து என்னவென்றால், ஆறு பேர் கூடினால் ஆறு பைண்ட் குடிக்க நேர்ந்துவிடும். நான்கு சதவீதப் பியரில் ஒரு பைண்ட் ஏறக்குறைய 2.3 யூனிட் (பானத்திலுள்ள ஆல்கஹாலை அளக்கும் அலகு); வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டன் மருத்துவ அலுவலர்களின் அறிவுரை. அந்த வகையில் ஆறு பைண்ட் என்பது ஒரு வாரத்துக்கு உரிய அளவு. ஆகவே இரண்டு அல்லது மூன்று பேர் கொண்ட சிறு ரவுண்டில் சேருங்கள். அல்லது தொடக்கத்திலேயே ‘நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். முதலில் சொன்னால் யாரும் வருந்துவதில்லை. உங்கள் முறை வரும்போது மற்றவர்களுக்கு வாங்கி, உங்களுக்கு மட்டும் தண்ணீர் எடுத்துக்கொள்வதும் முறையானதே.

காக்டெய்ல் பாரின் பழக்கம் வேறு. அங்கே மேசைக்கே வந்து கேட்பார்கள், முன்பதிவு வேண்டியிருக்கும், பில்லில் 12.5 சதவீதமோ அதற்கு மேலோ சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும். அதற்கு மேல் டிப்ஸ் வேண்டாம். சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பார் போன்ற இடங்களில் ஒரு குவளையின் விலையில் பப்பில் இருவர் இரண்டு சுற்று முடித்துவிடலாம். முதல் சம்பளம், தேர்ச்சி என்பன போன்ற நாட்களுக்கு, நல்ல உடை உடுத்தி, ஒரே ஒரு பானத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வர ஏற்ற இடங்கள் அவை. மாலையின் நடுவில் வைக்காமல் அதையே மாலையாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

எங்கே போனாலும் குவளையைக் கண்பார்வையிலிருந்து விலக்காதீர்கள். விட்டுச் சென்ற பானத்தைத் திரும்ப எடுக்காதீர்கள். உடன் வந்தவராலோ பிறராலோ அச்சம் ஏற்பட்டால், கவுண்டரில் ‘ஏஞ்சலா இருக்கிறாரா’ என்று கேட்டால், அது உதவிக்கான குறிச்சொல் என்று புரிந்துகொண்டு ஊழியர்கள் பாதுகாப்பாக வெளியேற வழிசெய்யும் ஏற்பாடு பல இடங்களில் உள்ளது. வெளியே வந்ததும் நடைபாதை ஓரத்தில் நின்று அலைபேசியைப் பார்க்க வேண்டாம். மிதிவண்டியில் வந்து பறித்துச் செல்பவர்கள் மிகுதி. வழியைக் கதவுக்கு உள்ளேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாலைக்கு ஒரு திட்டம்

வெம்பிளியில் வசிக்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை இரு நண்பர்களோடு செல்வதாக வைத்துக்கொள்வோம். அவருடைய தடம் ஜூபிலி. ஆகவே லண்டன் பிரிட்ஜில் இறங்கலாம். நான்கு மணிக்கே வந்துவிட்டால் பரோ உணவுச் சந்தையைச் சுற்றிப் பார்த்துச் சாப்பிட்டுவிடலாம். ஐந்து மணிக்கு மேல், பரோ நெடுந்தெருவிலிருந்து உள்ளே செல்லும் ஒரு முற்றத்தில் இருக்கும் ஜார்ஜ் விடுதிக்குச் செல்ல வேண்டும். 1677இல் திரும்பக் கட்டப்பட்ட இது, குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய மாடத் தாழ்வாரங்களோடு லண்டனில் எஞ்சியிருக்கும் ஒரே விடுதி. இப்போது நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உடைமை. வெள்ளிக்கிழமையன்று முற்றத்தில் நின்றபடிதான் குடிக்க நேரிடும். அந்த நெரிசலைப் பார்ப்பதும் அனுபவமே என்பதால் ஓர் அரைப் பைண்டோடு அதைப் பார்த்துவிட்டு, கூட்டம் அலுத்ததும் தெற்கே நடந்து டபார்ட் தெருவின் ராயல் ஓக் பப்புக்குச் செல்லுங்கள். லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் வடிப்பாலைக்கு உரிய அந்த அமைதியான இடத்தில், கைப்பம்பில் வரும் சசெக்ஸ் பெஸ்ட் என்ற பியரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இடம் கிடைத்தால் உட்கார்ந்து, மீதி மாலை முழுவதையும் அங்கேயே பேசிக் கழிக்கலாம். மணி அடிக்கும்போது ஆளுக்கொரு குவளைத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, காலிக் குவளைகளைக் கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. அங்கிருந்து வெம்பிளி பார்க்குக்கு மாறாமல் ஒரே வண்டி.